திரும்பி வராத தேனீக்கள்

கேள்வி: பூச்சிக்கொல்லி தெளித்த வயலில் தேனீக்கள் செத்துக் கிடப்பதைக் காணோம். ஆனாலும் அருகிலுள்ள எங்கள் தேனீப் பெட்டிகளில் கூட்டம் குறைந்துகொண்டே வருகிறது. இதற்கு மருந்து காரணமாக இருக்குமா? (வாசகர் ஒருவர், உடுமலைப்பேட்டை)

பதில்: இருக்கலாம். தேனீயைக் கொல்லப் போதாத அளவு மருந்தும், அது கூட்டுக்குத் திரும்பும் வழியை மறக்கடித்துவிட முடியும். சூரியனின் திசையையும் வழியிலுள்ள அடையாளங்களையும் நினைவில் கொண்டே தேனீ வீடு திரும்புகிறது. நியோநிக்கோட்டினாய்டு வகை மருந்துகளோ பூச்சிகளின் நரம்பு மண்டலத்தையே தாக்குபவை. 2012-இல் பிரான்சில் மிக்காயெல் ஆன்ரி தலைமையிலான குழுவினர், தேனீக்களின் முதுகில் நுண்ணிய மின்னணு அட்டையை ஒட்டி, உயிரைப் பறிக்காத அளவு தையமீதாக்சம் என்ற அவ்வகை மருந்து கலந்த சர்க்கரைக் கரைசலை ஊட்டி, கூட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரையிலான தொலைவில் விட்டனர். மருந்துண்ட தேனீக்களில் கூடுதலானவை திரும்பவே இல்லை. பழக்கமில்லாத இடத்தில் விடப்பட்டபோது இழப்பு இன்னும் அதிகமாயிற்று.

சுற்றுப்புறத்தில் பூ எவ்வளவு கிடைக்கிறது என்பதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பூ இருக்கும் திசையையும் தொலைவையும் தேனீ தன் நடனத்தால் தோழிகளுக்கு அறிவிக்கிறது. அந்த நடனத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நடனங்களைப் படித்துப் பார்த்தபோது, வசந்தத் தொடக்கத்தில் சராசரியாக அரை கிலோமீட்டருக்குள் இரை தேடிய தேனீக்கள், பூக்கள் அருகிய ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால் செல்ல நேர்ந்தது தெரியவந்தது. அவை பெரிதும் நாடிய இடங்களுள் ஒன்று, காட்டுப்பூக்கள் நிறைந்த காசில் ஹில் புல்வெளிக் காப்பகம்.

வரப்போரப் பூக்களை அழித்து ஒரே பயிரை விரிக்கும் ஊரிலும் தேனீ தொலைவுக்குப் போகத்தான் வேண்டும். தொலைவு கூடக் கூட, கடக்கும் வயல்களும் கூடும், நினைவாற்றலின் தேவையும் கூடும். இரை தேடுபவை குறைந்தால், உள்ளே புழுக்களுக்கு உணவூட்ட வேண்டிய இளம் தேனீக்கள் பருவத்துக்கு முன்பே வெளியேறுகின்றன. கூட்டம் மேலும் மெலிகிறது. பிணங்கள் வயலில் கிடைக்காததற்கு, தேனீக்கள் இப்படி வழி தவறித் திரும்பாமல் போவதே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

பூக்கும் பயிரில் மருந்தடிக்காதிருப்பதும், தேனீக்கள் கூடடைந்த பின் மாலையில் தெளிப்பதும் உதவும். ஆனால் பயிருக்குள் ஊடுருவும் மருந்து, விதைக்கும் முன் விதையில் பூசும் விதைநேர்த்தியில் இட்டதானாலும், பூந்தேனிலும் மகரந்தத்திலும் கலந்துவிடும் என்பதால் மாலைத் தெளிப்பு அதற்குத் தீர்வாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் நியோநிக்கோட்டினாய்டு மருந்துகள் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. பக்கத்து வயல்காரரிடம் மருந்தடிக்கும் நேரத்தோடு மருந்தின் பெயரையும் தவறாமல் கேட்டு வையுங்கள்.