பால் பெருங்காயம் ஏன் இத்தனை விலை?

கேள்வி: பல வருடங்களாகக் கட்டிப் பெருங்காயம்தான் வாங்குகிறேன். சென்ற வாரம் நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் கேட்டேன். அதே எடைக்குப் பல மடங்கு விலை சொன்னார்கள். இரண்டும் பெருங்காயம்தானே, ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, திருச்சி

பதில்: விலை அதிகம் என்பதற்காகக் கடைக்காரரைச் சந்தேகிக்காதீர்கள், அம்மா. முதலில் உங்கள் வீட்டு டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'கூட்டுப் பெருங்காயம்' என்று பொடி எழுத்தில் இருக்கும். கட்டியாக இருந்தாலே சுத்தமானது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் கடையில் கிடைக்கும் கட்டியும் தூளும் பெரும்பாலும் கலவைதான்: கோதுமை மாவோ அரிசி மாவோ, வேலம் பிசின், அவற்றோடு பெருங்காயம். இது கலப்படம் அல்ல, சட்டம் அனுமதித்ததே. ஆல்கஹாலில் கரையும் சாரம், அதாவது பெருங்காயத்தின் சத்தான பகுதி, கூட்டுப் பெருங்காயத்தில் 5 சதவீதம் இருந்தால் போதும். மாவும் பிசினும் கலவாததில், அதாவது நீங்கள் கேட்ட பால் பெருங்காயத்தில், 12 சதவீதமாவது வேண்டும் என்பது விதி.

அந்தச் சாரம் எளிதில் கிடைப்பதில்லை. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்து வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து வருவது அது. நான்கைந்து ஆண்டுகள் காத்திருந்து, பூப்பதற்கு முன் வேரின் தலைப்பைக் கீறி, வடிந்து உறையும் பாலைச் சுரண்டி எடுக்கிறார்கள். பிறகு மீண்டும் கீறுகிறார்கள். நம் நாட்டில் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பாலம்பூர் ஆய்வு நிறுவனம் கன்று நட்டதே 2020 அக்டோபரில்தான். இன்னும் இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறோம்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். அழகான கண்ணாடிப் புட்டியில் 'ஸ்பெஷல்' என்று கூடுதல் விலைக்கு விற்பதும் பல நேரம் அதே மாவுக் கலவைதான். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். கோதுமை மாவு முதலில் இருந்தால், அதற்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

பால் பெருங்காயத்தை 10 கிராம் மட்டும் வாங்கிப் பாருங்கள். ஒரு பானை ரசத்துக்கு ஒரே ஒரு மிளகில் பாதியளவு போதும், கூடினால் கசக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் விலை வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். தினமும் சாம்பாரில் தாராளமாகத் தூவிப் பழகியவர்களுக்குக் கூட்டுப் பெருங்காயமே வசதி. வீட்டில் யாருக்காவது கோதுமை ஒத்துக்கொள்ளாது என்றால் மட்டும், அரிசி மாவு சேர்த்ததா என்று பார்த்து வாங்குங்கள்.