‘இன்னேட்’ என்னும் சொல்: கேள்வி பதில்

கேள்வி: ‘இன்னேட்’ (innate, பிறவியிலேயே அமைந்த) என்ற ஆங்கிலச் சொல்லில் முதலில் நிற்கும் ‘இன்’ எதிர்மறைப் பொருள் தருவதா?

பதில்: இல்லை. லத்தீனில் ஒலியால் ஒத்த இரண்டு ‘இன்’ முன்னொட்டுகள் உண்டு. ஒன்று ‘அல்லாத’ என்றும் மற்றொன்று ‘உள்ளே’ என்றும் பொருள்படும். இங்கு வருவது இரண்டாவது. பிறத்தலைக் குறிக்கும் ‘நாஸ்கி’ என்ற வினையிலிருந்து வந்த ‘நாட்டுஸ்’ அதனுடன் சேர்ந்து, ‘உள்ளேயே பிறந்தது’ என்ற பொருளைத் தருகிறது. நேச்சர், நேட்டிவ், நேஷன் ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவைதாம்.

கேள்வி: ‘கன்ஜெனிட்டல்’, ‘ஹெரிடிட்டரி’ ஆகியவற்றையும் இதே பொருளில் எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது, பலரும் இடறுவது இங்கேதான். ‘கன்ஜெனிட்டல்’ என்பது பிறக்கும்போதே இருப்பதை மட்டும் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு ரூபெல்லா என்ற வைரஸ் தொற்று கண்டால் குழந்தை கண்புரையுடன் பிறக்கக்கூடும் என்பதை 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் எடுத்துரைத்தார். அந்தக் கண்புரை பிறவியிலேயே வந்தது, ஆனால் பரம்பரையாக வந்ததன்று. இதற்கு நேர்மாறாக, மூளையைப் பாதிக்கும் ஹன்டிங்டன் நோய் மரபணு வழியாகவே வருகிறது என்றாலும், பெரும்பாலும் நடுவயதில்தான் தலைகாட்டுகிறது. எனவே அது ‘ஹெரிடிட்டரி’, அதாவது பரம்பரையாக வருவது. ‘இன்னேட்’ என்ற சொல்லோ பெரும்பாலும் நோயைவிட, கற்றுத் தராமலே அமைந்திருக்கும் திறனையும் குணத்தையும் குறிக்கவே வழங்குகிறது. பச்சிளங்குழந்தையின் கன்னத்தை விரலால் மெல்லத் தொட்டால், அது அந்தப் பக்கம் தலையைத் திருப்பி வாயைத் திறக்கும். பாலைத் தேடும் அந்த அசைவை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கேள்வி: ‘இன்ஹெரன்ட்’?

பதில்: அதன் வேர் ஒட்டிக்கொள்ளுதலைக் குறிப்பது, பிறப்பை அன்று. ஆகவே ஒரு திட்டத்தில் உள்ளார்ந்திருக்கும் ஆபத்துக்கு அது பொருந்தும்; ‘இன்னேட்’ பொதுவாக உயிருள்ளவற்றுக்கே பொருந்தும்.

கேள்வி: அறிவும் ‘இன்னேட்’ ஆக இருக்க முடியுமா?

பதில்: சில கருத்துகள் மனத்தில் இயல்பாகவே அமைந்தவை என்றார் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட். அதை மறுத்த ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக், அத்தகைய கொள்கைகள் உண்மையில் பிறவியிலேயே பதிந்திருந்தால் குழந்தைகளும் அவற்றை அறிந்திருக்க வேண்டுமே என்று கேட்டார். வலுவான கேள்விதான். ஆயினும், பிறவியில் அமைந்த ஒன்று பிறந்த அன்றே வெளிப்பட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதால், அந்த ஒரு வாதம் மட்டும் வழக்கை முடித்துவிடாது என்பதே என் கருத்து.