கால் நரம்பு சுருட்டல்: சிஸ்டரிடம் கேட்டவை

காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது பற்றி, அதாவது வெரிகோஸ் பற்றி, கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். கடலூர் பக்கமிருந்தும் பாண்டியிலிருந்தும் எதிர்பார்த்ததைவிட நிறைய வந்துவிட்டது. நான் டாக்டர் இல்லை, அறுவை சிகிச்சை வார்டிலும் புண் கட்டும் அறையிலும் பல வருடம் வேலை பார்த்த நர்ஸ். காலைப் பார்க்காமல் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன், நேரில் காட்டியே ஆக வேண்டியது எது என்பதையும் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கே (புதுச்சேரி, நேரு வீதி): சிஸ்டர், துணிக்கடையில் சேல்ஸில் இருக்கிறேன். காலை பத்திலிருந்து இரவு ஒன்பதரை வரை நின்றபடிதான் வேலை. கெண்டைக்காலில் பச்சையாகப் புடைத்து முறுக்கிக்கொண்டு தெரிகிறது, சாயங்காலம் ஆனால் கால் கனத்துப்போகிறது. வயது 31தான். எங்கம்மாவுக்கும் இருந்தது. நிற்பதால்தான் வந்ததா?

ப: நிற்பதும் ஒரு காரணம், அம்மாவுக்கு இருந்தது என்கிறீர்களே, அது அதைவிடப் பெரிய காரணம். காலில் இருக்கும் ரத்தம் மேலே ஏறி இதயத்துக்குப் போயாக வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி ரத்தக்குழாயைப் பிழிந்து மேலே தள்ளுகிறது, ஏறியது திரும்ப இறங்காமல் குழாய்க்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் பிடித்துக்கொள்கின்றன. கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வ் போய்விட்டால் ஏறின தண்ணீர் எல்லாம் கீழே இறங்கிவிடும் இல்லையா, அதேதான் இங்கேயும் நடக்கிறது. ரத்தம் கீழே தேங்கத் தேங்க, தோலுக்கு அடியில் இருக்கும் குழாய் விரிந்து, நீண்டு, இடம் போதாமல் வளைந்து முறுக்கிக்கொள்கிறது.

அசையாமல் நிற்பதுதான் கெடுதல், நடந்தால் நல்லதுதான். கடையில் நிற்கும்போதே குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நின்று இறக்குங்கள், ஒரு தடவைக்கு இருபது, அரை மணிக்கு ஒரு முறை. உட்கார ஒரு ஸ்டூல் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று கொண்டுவந்துவிட்டார்கள். கடலூர்க் கடைகளில் இருப்பவர்கள் அந்தச் சட்டத்தைச் சொல்லியே கேட்கலாம். பாண்டி தனி யூனியன் பிரதேசம், அது தமிழ்நாட்டுச் சட்டம், ஆனாலும் கேட்கலாம், நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். நாள் முழுக்க நிற்க வைத்து வேலை வாங்குவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம், அதன் விலை பத்து வருடம் கழித்துக் காலில்தான் தெரியும்.

கே (கடலூர் முதுநகர்): மாமியார் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கிறவர்கள். ராத்திரி ஆனால் கால் கடுக்கிறது என்று தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்கிறார்கள். தேய்க்கலாமா? கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் அரிப்பும் இருக்கிறது, தோல் கறுத்துவிட்டது.

ப: தைலத்தைவிட முக்கியம் நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் வரி. அந்த இடம்தான், கணுக்காலுக்கு மேலே உள்பக்கம்தான், இந்த வியாதி முதலில் தன்னைக் காட்டும் இடம். தேங்கிய ரத்தத்தின் அழுத்தத்தில் சிவப்பணுக்கள் வெளியே கசிந்து, அதிலிருக்கும் இரும்பு தோலில் படிவதால்தான் அந்தக் கறுப்பு. அப்புறம் அரிப்பு, அப்புறம் தோல் கட்டைபோல இறுகும், அதற்கு அடுத்தது புண். அரிப்பைச் சொறிந்து அதிலேயே புண் ஆரம்பித்தவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். நரம்பு எவ்வளவு பெரிதாகப் புடைத்திருக்கிறது என்பதை விட்டுவிடுங்கள், தோல் நிறம் மாறினால் தள்ளிப்போடாமல் டாப்ளர் ஸ்கேன், அதாவது குழாயில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் ஸ்கேன், எடுத்துவிடுங்கள்.

தைலம் மெதுவாகத் தடவலாம், சுருண்ட நரம்பின் மேல் அழுத்தி உருட்டக் கூடாது. ஒரு இடம் கயிறு மாதிரி கெட்டியாகி, சிவந்து, தொட்டால் சுட்டு வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது, அங்கே கையே வைக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். மீன் தண்ணீர் பட்ட காலை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். படுக்கும்போது பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் போதாது. கட்டில் என்றால் கால்மாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள், பாயில் படுப்பவர் என்றால் பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் கீழே மெத்தையை மடித்துப் போடுங்கள். இதய பலவீனம், படுத்தால் மூச்சு முட்டுவது போன்ற தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

கே (லாஸ்பேட்டை): வெரிகோஸுக்குப் போடும் இறுக்கமான சாக்ஸ் வாங்கினேன், இறுக்கம் தாங்கவில்லை, இந்த வெயிலில் புழுங்குகிறது, ஒரு வாரத்தில் தூக்கிப் போட்டுவிட்டேன். கண்டிப்பாகப் போட வேண்டுமா?

ப: பத்தில் ஏழு கேள்வி இதுதான் என்று சொல்லலாம். தூக்கிப் போட்டதற்குக் காரணம் பெரும்பாலும் தப்பான அளவு. எஸ், எம், எல் என்று சட்டை வாங்குவதுபோல வாங்கியிருப்பீர்கள். காலையில் எழுந்து வீக்கம் ஏறுவதற்கு முன் மூன்று அளவு எடுக்க வேண்டும்: கணுக்காலுக்குச் சற்று மேலே மிக ஒல்லியான இடத்தின் சுற்றளவு, கெண்டைக்காலின் மிகப் பருமனான இடத்தின் சுற்றளவு, குதிகாலிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை நீளம். அழுத்தத்திலும் வகுப்புகள் உண்டு. ஜெர்மன் அளவுப்படி முதல் வகுப்பு 18 முதல் 21, இரண்டாவது 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம். நரம்பு நன்றாகத் தெரிந்து வீக்கமும் உள்ளவர்களுக்கு இரண்டாவதைத்தான் அதிகம் எழுதுவார்கள். அதைப் போட முடியாமல் மூலையில் வைப்பதைவிட முதல் வகுப்பைத் தினமும் போடுவது எவ்வளவோ மேல், டாக்டரிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

தொடை வரை வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு முழங்கால் வரை போதும், விரல் திறந்த மாதிரி வாங்கினால் நம்ம ஊர்ப் புழுக்கத்துக்குக் கொஞ்சம் தேவலை. கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் மாட்ட வேண்டும். குளித்துவிட்டு ஈரக்காலோடு இழுத்தால் ஏறவே ஏறாது, துடைத்து, பவுடர் போட்டு, பாதத்தில் ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் பையை மாட்டி அதன் மேல் இழுத்து, பிறகு பையை விரல் வழியாக உருவிவிடுங்கள். மேலே சுருட்டி மடிக்காதீர்கள், மடித்த இடம் சுருக்குப்போல இறுக்கும். ராத்திரி கழற்றிவிடலாம். வாஷிங் மெஷினில் போடாமல் கையால் அலசி நிழலில் காயவைத்தால் ஆறு மாதம் வரை இறுக்கம் நிற்கும், அதன் பிறகு புதிது வாங்க வேண்டும். இதனால் நரம்பு மறையாது, போட்டிருக்கும் வரை வீக்கமும் கனமும் குறையும். சிகிச்சை செய்துகொள்ள முடிகிறவர்கள் சாக்ஸை மட்டும் நம்பி வருடக்கணக்கில் ஓட்ட வேண்டாம் என்பது என் எண்ணம்.

கே (பண்ருட்டி): அப்பாவுக்கு 68, சர்க்கரை இருக்கிறது, பீடி பிடிப்பார். கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நின்றால் சரியாகிறது. நரம்பும் புடைத்திருப்பதால் மெடிக்கலில் சாக்ஸ் வாங்கிப் போட்டுவிட்டேன்.

ப: இதைப் படித்ததும் கழற்றிவிடுங்கள். நடந்தால் வலி, நின்றால் நிவாரணம் என்பது வெரிகோஸ் வலி மாதிரி இல்லை, வெரிகோஸில் நிற்கத்தான் வலிக்கும், நடந்தால் குறையும். அப்பாவுக்குக் காலுக்கு நல்ல ரத்தத்தைக் கொண்டு இறங்கும் குழாய் அடைத்திருக்கலாம், அந்தக் காலை இறுக்கிப் பிடித்தால் விரல் கறுத்துப்போகும் அளவுக்கு ஆபத்து. கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து ஒப்பிடுவார்கள், கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு உண்டு. சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தக்குழாய் கல்லாக இறுகி இந்த எண் பொய்யாக அதிகம் காட்டும், அதனால் ரத்த ஓட்ட டாப்ளரும் கேளுங்கள். இந்த வாரமே கூட்டிப்போங்கள். பீடியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், கெஞ்சியாவது.

கே (நெல்லிக்குப்பம்): மகளுக்கு ஏழாம் மாதம். இரண்டு காலிலும் நரம்பு கிளம்பிவிட்டது. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

ப: குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடும், ஹார்மோன் குழாய்ச் சுவரைத் தளர்த்தும், கர்ப்பப்பை மேலே அழுத்தும், மூன்றும் சேர்ந்து இப்படி ஆகிறது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும், டாக்டரைக் கேட்டு சாக்ஸ் போடட்டும். பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் நிறையக் குறைந்துவிடும், லேசரோ ஊசியோ இப்போது வேண்டாம். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் ஆழத்தில் ரத்தம் உறைய வாய்ப்பு அதிகம், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

கே (வில்லியனூர்): கால் வீங்கியிருக்கிறது, யானைக்காலாக இருக்குமோ என்று பயம்.

ப: நம்ம பக்கத்தில் இந்தப் பயம் நியாயம்தான். யானைக்கால் போன்ற நோய்களைப் பரப்பும் கொசுக்களைப் பற்றி ஆராய 1975-லிருந்து பாண்டியில் மத்திய அரசின் கொசு ஆராய்ச்சி நிலையம் வேலை செய்துகொண்டிருக்கிறது. வெரிகோஸ் வீக்கம் காலையில் வடிந்து சாயங்காலம் ஏறும். யானைக்கால் வீக்கம் ஆரம்பத்துக்குப் பிறகு ராத்திரியில் அவ்வளவாக வடியாது, பாதத்தின் மேற்புறமும் விரல்களும் உப்பும், இரண்டாவது விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்க வராது, நடுவில் காய்ச்சலும் அரையில் நெறிகட்டுவதும் வந்து போயிருக்கும். இன்னொன்று, பிரஷருக்கு ஆம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதுவும் கணுக்காலை வீங்க வைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

கே (குறிஞ்சிப்பாடி): அக்கா, போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறேன். காலில் நரம்பு தெரிகிறது, ரிஜெக்ட் பண்ணுவார்களா?

ப: பண்ண வாய்ப்பு இருக்கிறது தம்பி, ராணுவத்திலும் இது நிராகரிக்கும் காரணங்களில் ஒன்று. ஒல்லியாக ஓடிப் பழகிய பையன்களுக்குச் சாதாரண நரம்பே புடைத்துத் தெரியும், அது வியாதி இல்லை. எது என்று நின்றபடி எடுக்கும் டாப்ளரில் தெரிந்துவிடும். வால்வு பழுது என்றால் மெடிக்கல் டெஸ்டுக்குப் பல மாதம் முன்பே சிகிச்சை முடிந்திருக்க வேண்டும். அறிவிப்பில் மருத்துவத் தகுதிப் பகுதியை வரி விடாமல் படி, சிகிச்சை செய்தவர்களுக்கு என்ன விதி என்று அதில்தான் இருக்கும். ஓடுவதை நிறுத்த வேண்டாம்.

கே (மஞ்சக்குப்பம்): லேசர், பசை, ஊசி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நரம்பையே மூடிவிட்டால் ரத்தம் எப்படிப் போகும்? நாளைக்கு பைபாஸ் என்றால் கால் நரம்பு வேண்டுமே?

ப: காலின் ரத்தத்தில் மிகப் பெரும்பகுதி தசைக்குள் ஆழத்தில் இருக்கும் குழாய்கள் வழியாகத்தான் போகிறது. பழுதான மேல் குழாயை மூடினால் ரத்தம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும், அதனால்தான் ஆழக்குழாய் நன்றாக இருக்கிறதா என்று முதலில் ஸ்கேனில் பார்க்கிறார்கள். விரிந்து முறுக்கிய குழாய் பைபாஸுக்குப் பெரும்பாலும் உதவாது, அதைக் காப்பாற்றி வைப்பதில் லாபம் இல்லை.

லேசரிலும் ரேடியோ அலையிலும் ஒரு மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் விட்டு உள்ளிருந்தே சுட்டு மூடுகிறார்கள், மரத்துப்போகும் ஊசி போட்டு, அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். மருந்தை நுரையாக்கி ஊசியில் செலுத்துவது சின்னக் கிளைகளுக்கும் முன்பு அறுவை செய்து திரும்ப வந்தவர்களுக்கும் நல்லது. பசையில் சுடுவது இல்லை, விலை அதிகம், சிலருக்கு அலர்ஜி வரும். எந்தச் சிகிச்சை முதலில் என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013-லேயே முதலில் சுடும் முறை, அது ஒத்துவராவிட்டால் நுரை ஊசி, அதற்கும் பிறகுதான் அறுவை என்று வரிசைப்படுத்திவிட்டது. ஆனாலும் உங்கள் குழாய் ரொம்ப வளைந்திருந்தால் கம்பி போகாது, பழைய அறுவைதான் சரி என்பார்கள், அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எதைச் செய்தாலும் சில வருடத்தில் வேறு கிளையில் வரலாம். ஸ்கேன் எடுக்காமலே பேக்கேஜ் விலை பேசும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கே (அரியாங்குப்பம்): தொடையில் நூல் மாதிரி நீலமும் சிவப்புமாகக் கோடுகள். ஆபத்தா?

ப: இல்லை. வலியோ வீக்கமோ இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

கே (விருத்தாசலம்): கணுக்காலில் புண், இரண்டு வருடமாக ஆறவில்லை. எத்தனையோ ஆயின்மென்ட், ஆன்டிபயாடிக். சர்க்கரையும் இல்லை.

ப: அய்யோ, இரண்டு வருடம். புண்ணுக்கு மேலே தடவுவதால் இது ஆறாது, உள்ளே அழுத்தம் குறைந்தால்தான் ஆறும். சீழ், காய்ச்சல், சுற்றிச் சிவப்பு இல்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிடுவதில் பயனில்லை. கால் நாடி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, விரல் அடியிலிருந்து முழங்கால் வரை பல அடுக்குக் கட்டு, கணுக்காலில் அதிக இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. பழகிய கை போட வேண்டும். வீட்டில் கிரேப் பேண்டேஜை இஷ்டத்துக்குச் சுற்றினால் நடுவில் இறுகிக் கீழே வீங்கும். கட்டோடு குழாயையும் சீக்கிரமே மூடிவிட்டால் இன்னும் வேகமாக ஆறும். 2018-ல் வெளிவந்த எவ்ரா என்ற ஆங்கிலேய ஆய்வில் இரண்டு தரப்புக்கும் கட்டுப் போட்டார்கள், ஆரம்பத்திலேயே குழாயை மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளுக்குள்ளும் தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேருக்கு 82 நாளுக்குள்ளும் புண் ஆறியது. இத்தனை நாள் ஆறாத புண் என்பதால் ஓரத்திலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்கவும் கேளுங்கள், ஓரம் தடித்து மேலெழும்பியிருந்தால் கட்டாயம், பழைய புண் அபூர்வமாகப் புற்றாக மாறும்.

கே (காலாப்பட்டு): குளிக்கும்போது நரம்பிலிருந்து ரத்தம் பீய்ச்சி அடித்தது, பாத்ரூம் முழுக்க ரத்தம்.

ப: திரும்ப வந்தால் அங்கேயே படுத்துக் காலைச் சுவரில் உயரத் தூக்கி, சுத்தமான துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். மேலே கயிறு கட்டவே கூடாது. எழுந்து நின்றால் ரத்தம் நிற்காது, படுத்தால் நின்றுவிடும். நிற்காவிட்டால் 108. நின்றாலும் அடுத்த நாளே டாக்டரிடம் காட்டுங்கள், ஒரு தடவை உடைந்த இடம் மறுபடி உடையும்.

கே (பலர்): எங்கே போவது, யாரைப் பார்ப்பது?

ப: பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் ஆரம்பிக்கலாம், ரத்தநாள நிபுணர் இருந்தால் அவரிடம். பாண்டியில் கோரிமேடு ஜிப்மர், கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி, கடலூர்க்காரர்களுக்குத் தலைமை மருத்துவமனையும் சிதம்பரத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரியும். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துப்போய் அந்தக் கவுண்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழைய ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். தொடை வரை பார்ப்பார்கள் என்பதால் தளர்வான பாவாடையோ வேட்டியோ வசதி. ஸ்கேனைப் படுக்கவைத்து மட்டும் எடுத்தால், நின்றபடியும் பார்க்கச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள், வால்வு கசிவது நிற்கும்போதுதான் சரியாகத் தெரியும்.