படாஹோஸில் ஒரு கல்யாணம்

வணக்கம் சார்,

நெப்போலியன் போர்க்காலக் காதல் கதைகளை ஆங்கிலத்தில் விடாமல் படிப்பவள் நான். எல்லாமே லண்டனில்தான் நடக்கும். ஒரு டியூக், நடன விருந்து, குதிரை வண்டி. போர் என்பது கதாநாயகன் தோளில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். போன மாதக் கூட்டத்தில் ஹுவானா, ஹாரி ஸ்மித் பற்றி நீங்கள் சொன்னதும் தேடிப் படித்தேன். முதலில் சிலிர்த்தது. அப்புறம் பெண்ணுக்கு வயது 14 என்று பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன். ஊரைச் சூறையாடிய படையிலேயே ஒருவனைக் கட்டிக்கொள்வதைக் காதல் என்று எழுத முடியுமா?

ர., கோவை

அன்புள்ள ர.,

மூடி வைத்தது சரிதான். நானும் ஒருமுறை மூடி வைத்தவன்.

மற்றவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில், போர்ச்சுகல் எல்லையை ஒட்டிய கோட்டை நகரம் படாஹோஸ். உள்ளே பிரெஞ்சுப் படை. மூன்று வார முற்றுகைக்குப் பின் 1812 ஏப்ரல் 6 இரவு ஆங்கிலேயத் தளபதி வெலிங்டனின் படை மதில் ஏறிப் பிடித்தது. அவர் பக்கம் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஏறக்குறைய 5,000 பேர், பெரும்பாலோர் அந்த ஓர் இரவில். மிஞ்சியவர்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஸ்பானியர்களை மீட்க வந்த நட்புப் படை, ஸ்பானியர்களின் வீடுகளையே மூன்று நாள் சூறையாடியது. குடி, கொலை, பெண்கள் மேல் வன்கொடுமை. தடுக்கப் போன அதிகாரிகளைத் துப்பாக்கி காட்டி விரட்டினார்கள். கடைசியில் வெலிங்டன் சதுக்கத்தில் தூக்குமரம் நட வேண்டியிருந்தது.

அந்த ஊரிலிருந்து இரண்டு சகோதரிகள் ஆங்கிலேய முகாமுக்கு வந்தார்கள். கம்மலைப் பிய்த்து எடுத்ததில் காதில் ரத்தம். அக்காதான் பேசினாள். தன்னைப் பற்றிக் கவலையில்லை, தங்கைக்கு அடைக்கலம் வேண்டும் என்றாள். தங்கை ஹுவானா, கன்னிமடத்தில் படித்தவள். ஆங்கிலேயப் படை அதிகாரி ஹாரிக்கு 24 வயது. சில நாளில் கல்யாணம். தாரை வார்க்காத குறையாகப் பெண்ணைக் கொடுத்தவர் வெலிங்டனே.

வயதை 18 ஆக்கிவிடு, வாசகர்கள் நெளிய மாட்டார்கள் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். நெளியட்டும். அவளுக்கு வேறு போக்கிடம் இருந்ததா என்ற கேள்வி 14இல்தான் உறைக்கிறது.

இன்னொன்று கவனித்தீர்களா? அந்தக் காட்சியை நமக்கு எழுதி வைத்தவர்கள் இரண்டு ஆண்கள். ஒருவர் ஹாரி. மற்றவர் அவர் நண்பர் கின்கெய்ட். தனக்கும் அவள் மேல் ஆசை இருந்தது, நண்பன் முந்திக்கொண்டான் என்று ஒளிக்காமல் எழுதியவர். இருவரும் 95ஆம் ரைபிள்ஸ் என்ற ஆங்கிலேயப் படைப்பிரிவு, அந்தப் படைக்குப் பச்சைச் சட்டை. வெலிங்டனின் மற்ற ஆங்கிலக் காலாட்படைக்குப் பெரும்பாலும் சிவப்பு. கம்மலைப் பிய்த்தவன் எந்தச் சட்டை போட்டிருந்தான்? அவள் பார்த்திருப்பாள். என்னைக் கேட்டால் நாவல் அங்கேதான் இருக்கிறது.

காதல் என்று எழுத முடியுமா என்றால், 1812 ஏப்ரலுக்கு என்னால் முடியாது. 1815 ஜூனுக்கு முடியும். நடுவில் அவள் ஊர் திரும்பவில்லை. குதிரையேற்றம் கற்றுக்கொண்டு, மூட்டை முடிச்சுகளோடு, கோவேறு கழுதைகளுக்குப் பின்னால், சாலமான்கா, விட்டோரியா, பைரனீஸ் மலை, துலூஸ் என்று படையோடு போனாள். வெட்டவெளியில் படுத்தாள். சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு இந்தக் கஷ்டம்கூடச் சீட்டுக் குலுக்கித்தான் கிடைக்கும். கப்பலேறும்போது ஒரு கம்பெனிக்கு, அதாவது ஒரு சிறு படைப்பிரிவுக்கு, சிலருக்கு மட்டும் இடம், மற்றவர்கள் கரையில் அழுதுகொண்டு நிற்க வேண்டியதுதான். இதெல்லாம் லண்டன் கதைகளில் வராது.

1815 ஜூனில், நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போர் முடிந்ததும், பிரிகேட் மேஜர் (ஹாரியின் படைப் பதவி) ஸ்மித் செத்துவிட்டார் என்று அவளுக்குச் சேதி வந்தது. குதிரையில் போர்க்களத்துக்கே போய், புதைத்த மேடுகளுக்கு நடுவே தேடினாள். செத்தவர் அதே ரைபிள்ஸைச் சேர்ந்த வேறொரு ஸ்மித். நடன விருந்தில் இப்படிப் பெயர் மாறிப்போனால் ஒரு சிரிப்புக் காட்சி வைத்திருப்பார்கள்.

பின்னால் ஹாரி பஞ்சாபில் அலிவாலில் சீக்கியர்களோடு சண்டை போட்டு ஜெயித்தார், அப்புறம் தென்னாப்பிரிக்காவில் கவர்னர். அங்கே, இன்றைய குவாஸுலு-நேட்டாலில் இருக்கும் லேடிஸ்மித் ஊர் ஹுவானாவின் பெயர்தான்; சர் ஹாரி ஸ்மித்தின் மனைவி என்பதால் லேடி ஸ்மித். 1900இல், டச்சு வழிவந்த போயர்கள் போட்டிருந்த அந்த ஊரின் முற்றுகையை உடைக்க நடந்த சண்டையில்தான் காந்தியின் ஆம்புலன்ஸ் படை காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தது. ஒரு முற்றுகையிலிருந்து தப்பியவளின் பெயர் இன்னொரு முற்றுகைக்கு. இதை நாவலில் எழுதினால் செயற்கை என்பார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும், நான் உட்பட, தங்கையோடு போய்விடுகிறோம். அக்காவை முகாம் வாசலிலேயே விட்டுவிடுகிறோம். நீங்கள் எழுதுவதாக இருந்தால் அவளிடமிருந்து தொடங்குங்கள். முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள்.