லெஹ்ஷிலிருந்து க்ளைன்வால்ஸர்டாலுக்கு நேராகக் காரில் போக முடியாது

ஆஸ்திரியாவின் மலையூரான லெஹ்ஷில் இரண்டு நாள் தங்கிவிட்டு, வாடகைக் காரில் "பக்கத்து" ஹிர்ஷெக்குக்கு (க்ளைன்வால்ஸர்டால் பள்ளத்தாக்கின் ஓர் ஊர்) போகலாமா, அம்மாவுக்கு முழங்கால் வலி என்று கேட்டிருக்கிறீர்கள். வரைபடத்தில் விரல்கடை தூரம்தான். ஆனால் நடுவில் மலை நிற்கிறது, சாலை கிடையாது. இந்தப் பள்ளத்தாக்கு ஆஸ்திரிய மண்தான் என்றாலும், வண்டியில் வர ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃப் வழி ஒன்றே வழி. அதனால்தான் 1891 முதல் பள்ளத்தாக்கு ஜெர்மன் சுங்க எல்லைக்குள் இருந்தது. யூரோ வரும்வரை இங்கே ஜெர்மன் பணமான மார்க்தான் புழங்கியது. ஹிர்ஷெக்குக்கு இன்றும் இரண்டு அஞ்சல் குறியீடுகள்: ஆஸ்திரியாவுக்கு 6992, ஜெர்மனிக்கு 87568. முன்பதிவுத் தாளில் எது இருந்தாலும் பதற வேண்டாம், ஊர் ஒன்றுதான்.

என்னைக் கேட்டால் லெஹ்ஷை விட்டுவிடுங்கள். இந்தப் பள்ளத்தாக்கைப் போலவே அங்கேயும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த வால்ஸர்கள்தான் குடியேறினார்கள்; ஒரே பயணத்தில் இரண்டும் தேவையில்லை. மியூனிக்கிலிருந்து ரயிலில் ஓபர்ஸ்டோர்ஃப், அங்கிருந்து பஸ். ரீட்ஸ்லெர்ன், ஹிர்ஷெக், மிட்டல்பெர்க் எல்லாம் ஒரே தடத்தில் வரும். பாட் என்ற சிற்றூரோடு சாலை முடிந்துவிடும்.

அம்மாவை மிட்டல்பெர்கில் வால்மெண்டிங்கர்ஹார்ன் கேபிள் காரில் ஏற்றிவிடுங்கள், படியேறாமல் உச்சிப் பக்கம் போய்விடலாம். வரும்போது சரிவுகளைப் பாருங்கள்: வீடுகள் தெருவாக ஒட்டி நிற்காமல், தத்தம் புல்வெளி நடுவே தனித்தனியாக, வெயிலில் கறுத்த மரச் சுவர்களோடு இருக்கும். சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் சுவிட்சர்லாந்தின் வாலிஸ் பகுதியிலிருந்து வந்த அந்த வால்ஸர்கள் கொண்டுவந்த வழக்கம் அது.