பேஸ்பால் நடுவர் சான்றிதழ்: எங்கே தொடங்குவது?

“கிரிக்கெட் நடுவராக நின்றிருக்கிறேன், அமெரிக்காவில் பள்ளி பேஸ்பாலுக்கு நடுவராக என்ன வழி?” என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மாநில உயர்நிலைப்பள்ளி விளையாட்டுச் சங்கத்தில் பதிந்து விதித் தேர்வு எழுதுங்கள். அப்புறம் ஆட்டம் ஒதுக்குவது பெரும்பாலும் உள்ளூர் நடுவர் சங்கம்தான்.

டிவியில் பார்த்ததை நம்பித் தேர்வுக்குப் போகாதீர்கள். ஓட்டக்காரர் பேஸில் நிற்கும்போது பிட்சர் (பந்து வீசுபவர்) வீசுவதுபோல் பாவ்லா காட்டி நிறுத்தினால் அது பால்க் என்ற விதிமீறல். பள்ளி விதிப்படி அந்த நொடியே ஆட்டம் நின்றுவிடும். டிவியில் வரும் மேஜர் லீகில் (தொழில்முறை பேஸ்பாலில்) அப்படி இல்லை.

கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் பக்கம் நின்று பழகியிருப்பீர்கள். இங்கே கேட்சருக்கு (விக்கெட் கீப்பர் மாதிரி பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) பின்னால் நின்று, அவருக்கும் பேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் பார்க்க வேண்டும். பந்தைக் கண் மட்டும் தொடரட்டும், தலை அசையக் கூடாது. அவசரப்பட்டு ஸ்ட்ரைக் (பேட்டருக்கு எதிரான தீர்ப்பு) கொடுக்காதீர்கள், பந்து கேட்சரின் கையுறைக்குள் போகட்டும்.

கைப்பழக்கத்துக்கு லிட்டில் லீகில் (சிறுவர் பேஸ்பாலில்) தன்னார்வலராக நில்லுங்கள், சரியா?