இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சைக்கு அம்மாவை எப்படித் தயார்படுத்துவது?

தம்பி, உங்கள் அம்மாவுக்கு 58 வயது, இதயத்தின் இடப்பக்க இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வை மாற்றச் சொல்லிவிட்டார்கள், சிங்கப்பூரில் வைத்துச் செய்யப்போகிறோம், என்ன ஏற்பாடு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மாற்றியதும் அதே வால்வுதான். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் அதைக் கெடுத்துவிட்டது. அதனால் நோயாளியாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து விஷயத்தில் மட்டும் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

முதலில் பல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சொத்தைப் பல்லிலிருந்தும் ஈறிலிருந்தும் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும். பிடுங்க வேண்டிய பல்லை முன்பே பிடுங்கிவிட வேண்டும். பிறகும் ஆயுள் முழுக்க, பல் பிடுங்குவது போன்ற வேலைக்கு முன் ஆன்டிபயாடிக் உண்டு.

எந்த வால்வு என்று உங்களையும் கேட்பார்கள். மெக்கானிக்கல் (செயற்கை) வால்வு நெடுநாள் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும். திசு வால்வு பொதுவாக 10, 15 ஆண்டு வரும். அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்தது என்பதால் சில வீடுகளில் தயக்கம் வரும், அம்மாவிடம் இப்போதே பேசிவிடுங்கள். தொடை வழியாகக் குழாய் விட்டு மாற்றலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவுட்ரம் தேசிய இருதய நிலையத்தில் 2009லேயே அதைச் செய்திருக்கிறார்கள், ஆனால் அது பெரும்பாலும் இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வழியிலுள்ள பெருநாடி வால்வுக்குத்தான். செலவுக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு), மெடிஷீல்டு லைஃப் (மருத்துவக் காப்புறுதி) எவ்வளவு கொடுக்கும் என்று அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனையில் கணக்குப் போட்டுத் தருவார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கும், பேச வராது. இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், தெரியாமல் விழித்தால் ரொம்பப் பயந்துவிடுவார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால் வலி, தாகம், மூச்சு என்று நாலைந்து வார்த்தையைப் பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி நர்ஸிடம் கொடுங்கள். அம்மா விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் வேலை. நடு மார்பைத் திறந்து செய்திருந்தால் எலும்பைக் கம்பியால் கட்டியிருப்பார்கள், அது ஒன்றுசேர 6 முதல் 12 வாரம் ஆகும். ஈரத் துணி மாட்டிய மூங்கில் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிச் சொருகுகிறோமே, அந்த வேலை அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். அரிசி மூட்டை, குக்கர், பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. படுக்கையிலிருந்து ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு எழ வேண்டும். இருமும்போது தலையணையை மார்போடு இறுக்கி அணைத்துக்கொள்ளட்டும். முன்பக்கம் பித்தான் வைத்த நைட்டி நாலு வாங்கி வையுங்கள், தலைவழியாகப் போட முடியாது.

காரணமே இல்லாமல் அழுகை வரும், சாப்பாடு ருசிக்காது. எனக்கு ரசம்கூடக் கசந்தது. பலருக்கும் வருவதுதான். "தைரியமா இரு"ன்னு அதட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். வாரக்கணக்கில் நீண்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வார்ஃபரினைப் பற்றித்தான் ஆளுக்கொன்று சொல்வார்கள். மெக்கானிக்கல் மைட்ரல் வால்வுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) பெரும்பாலும் 2.5 முதல் 3.5க்குள் இருக்க வேண்டும். கீரையை அடியோடு நிறுத்து என்பார்கள், தேவையில்லை. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும். அதனால் வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட வேண்டும். தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை மலிவாகக் கிடைத்தது என்று ஒரே வாரத்தில் நாலு கட்டு ஆக்கினால் ஐஎன்ஆர் இறங்கிவிடும். இன்னொன்று, நம் வீடுகளில் தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் தேய்க்கும் தைலம். மெத்தில் சாலிசிலேட் கலந்ததைத் தினமும் நிறையத் தேய்த்தால் தோல் வழியாக உள்ளே போய் ரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டும். சீன மருந்து, நாட்டு மருந்து எதுவானாலும் மருந்தாளுநரிடம் காட்டாமல் வேண்டாம். ஐபுபுரோஃபென் என்ற வலி மாத்திரை கூடாது, வலிக்குப் பனடாலை (பாரசிட்டமால்) அளவோடு கொடுங்கள்.

காய்ச்சல் அடித்தால் கிளினிக்கில் முதல் வார்த்தையே "இவருக்கு வால்வு மாற்றியிருக்கிறது" என்பதாக இருக்கட்டும். ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். மலம் கறுத்தாலோ தலையில் அடிபட்டாலோ வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்காமல் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள். வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ ஆம்புலன்ஸுக்கு 995.